அவளுக்கு அடுப்பு, அவனுக்கு இயந்திரம்!

பெண் குழந்தை பொம்மையை நாடுவதும், ஆண் குழந்தை வண்டியை நாடுவதும் இயற்கையின் ஏற்பாடு என்பர் சிலர். இயற்கைதான் எனில், அதனை ஆண்டுக்காண்டு கூவி அறிவிக்க விளம்பரம் எதற்கு? நீரைப் பள்ளம் நோக்கிப் பாயச் சொல்லிப் பறையறைவார் உண்டோ? அமெரிக்க நாட்டு விளையாட்டுப் பொருள் விளம்பரங்களின் வரலாற்றைப் புரட்டுவோர், அது இயற்கையன்று, இலாபக் கணக்கு என்பதைக் காண்பர்.

1913ஆம் ஆண்டு, கில்பர்ட் என்பார் 'எரெக்டர்' என்னும் கட்டுமானப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். சட்டங்களையும் திருகாணிகளையும் பிணைத்துப் பாலம் சமைக்கலாம், பாரந்தூக்கி சமைக்கலாம். அதன் விளம்பரங்கள் விளித்தது சிறுவர்களை! சிறுமியருக்கோ, 1920களில் சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் சின்னஞ்சிறு துடைப்பம் காத்திருந்தது. நாளைய பொறியாளன் அவன். நாளைய இல்லக்கிழத்தி அவள். (ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேரும், பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானையும் வகுத்தவர்கள் நம் புலவர்கள். ஆகவே அமெரிக்கரை மட்டும் நகைப்பதற்கில்லை.)

எனினும், அந்தப் பிரிவினை என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. சியர்ஸ் பட்டியல்களை ஆராய்ந்த சமூகவியலார் எலிசபெத் சுவீட், 1975ஆம் ஆண்டுப் பட்டியலில் வியத்தகு செய்தி ஒன்றைக் கண்டார். 'இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு' என்று வெளிப்படையாகக் கூறி விற்கப்பட்டவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு! சிறுமி கட்டடம் எழுப்பினாள், சிறுவன் சமைத்தான். குழந்தையின் இயற்கை மாறிவிட்டதா? இல்லை. மகளிர் உரிமை இயக்கம் எழுந்த காலம் அது. வீதியில் ஒலித்த குரல் விற்பனைத் தாளிலும் கேட்டது.

அத்துடன் கதை முடிந்திருக்கலாகாதா! 1984இல், சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பைக் கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையம் நீக்கிற்று. வாணிபத்துக்கு வாயில் திறந்தது. அண்ணன் ஓட்டிய நீல வண்டி தங்கைக்கு ஆகாது, அவளுக்கு இளஞ்சிவப்பில் வேறொன்று வேண்டும் என்றால், ஒரே வீட்டில் இரண்டு விற்பனை அன்றோ! துடைப்பத்தின் இடத்தை இளவரசியின் முடி பிடித்தது. பிரிவினை மட்டும் பிழைத்துக்கொண்டது.

1992இல் மாட்டெல் நிறுவனம் பேசும் பார்பி பொம்மையை வெளியிட்டது. அதற்கென அமைத்த 270 சொற்றொடர்களுள் ஒன்று, கணக்கு வகுப்பு கடினம் என்று முறையிடுவது. பட்டம் பெற்ற மகளிரின் சங்கம் கண்டித்தது. நிறுவனம் அத்தொடரை நீக்கிற்று. மறு ஆண்டு, குறும்பர் குழு ஒன்று பார்பியின் குரற்கருவியையும் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரன் பொம்மையின் குரற்கருவியையும் மாற்றிப் பொருத்தி, அவற்றைக் கடைகளிலேயே திரும்ப வைத்தது. வீரன் கடற்கரை இன்பம் பேசினான். பார்பி பழிவாங்கச் சூளுரைத்தாள்! நூறு மேடைப்பேச்சு செய்யாததை அந்தக் குறும்பு செய்தது என்பேன்.

2012இல், நியூ செர்சியின் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சமையலில் ஆசை கொண்ட நான்கு வயதுத் தம்பிக்காக வழக்காடினாள். 1963 முதல் விற்கப்படும் 'ஈசி-பேக்' என்னும் விளையாட்டு அடுப்பின் விளம்பரத்தில் சிறுவரும் இடம்பெற வேண்டும் என்பது அவள் கோரிக்கை. 40,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கறுப்பும் வெள்ளி நிறமும் கொண்ட அடுப்பைக் காட்டி, ஆசுப்ரோ நிறுவனம் இணங்கிற்று. தம்பிக்கு அடுப்பு கிடைக்க நிறம் மாற வேண்டியிருந்தது!

கலிபோர்னியாவில் 2024 சனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட பல்பொருட் பெருங்கடைகள், ஆண் பெண் என்று பிரிக்காத பொதுப் பகுதி ஒன்றைக் குழந்தைப் பொருள்களுக்கென வைத்தாக வேண்டும். இளஞ்சிவப்பு வரிசையும் நீல வரிசையும் அருகிலேயே இருக்கலாம். சட்டம் அவற்றைத் தடுக்கவில்லை. பொதுப் பகுதி வைக்கத் தவறினால், முதன்முறைக்குத் தண்டம் 250 டாலர் வரை.