பள்ளி: ஒரு சொல்லும் ஒரு கட்டடமும்

மார்கழி வைகறையில் திருவண்ணாமலைக் கோயிலிலே பள்ளியறை திறக்கும் வேளையும், அதே ஊரில் முஸ்லிம் பெரியவர் ஒருவர் சுபுஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசலை நோக்கி நடக்கும் வேளையும், பொழுது ஏறியபின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும் வேளையும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருகின்றன. மூன்றிலும் ஒலிக்கும் சொல் ஒன்றே.

துயிலிடத்தையும் உறைவிடத்தையும் குறித்த பள்ளி என்னும் சொல், முனிவர் வாசஸ்தலத்துக்கும் ஆகிவந்தமைக்கு மாங்குளத்துக் குகைகளிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளே சாட்சி. போளூரை அடுத்த திருமலையில், இராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குந்தவை ஜினாலயம் அமைந்த ஊரைப் பள்ளிச்சந்தம் என்கிறது. சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். அப்பள்ளிகளில் நிகழ்ந்த வித்தியாதானமே பள்ளிக்கூடம் என்னும் பெயருக்கு மூலம் என்பர் அறிஞர்.

கடல்வழி வந்து கரையோரப் பட்டினங்களில் குடியேறிய அரபு முஸ்லிம்களான சோனகர் தொழுகைக்கு ஓரிடம் அமைத்தபோது, அதற்கும் தமிழர் இப்பழம்பெயரையே வழங்கினர். திருப்புல்லாணியிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டில், பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகச் சாமந்தப்பள்ளி இடம்பெறுகிறது. சிரம் பணியும் இடம் என்று பொருள்படும் மஸ்ஜித் என்ற அரபுச் சொல்லின் வழிவந்த மசூதி, உருது வழங்கும் ஆற்காட்டுச் சீமையில் மிகுதியும் புழங்கிற்று.

சொல்லைப் போலவே கட்டடமும் இம்மண்ணின் வழக்கை ஏற்றது. சீதக்காதி வள்ளலோடு தொடர்புபடுத்தப்படும் கீழக்கரை ஜும்மாப் பள்ளியில் நிற்பவர், தூணையும் போதிகையையும் கண்டு கோயில் மண்டபமோ என மயங்குவர். ஆயின் யாளிக்கும் தெய்வ விக்கிரகத்துக்கும் அங்கே இடமில்லை, பூவும் கொடியுமே உண்டு. சிற்பிகள் தம் சாத்திரத்தைக் கைவிடாமல், தொழுவோர் விலக்கியதை மட்டும் விலக்கினர். ஆற்காட்டு நவாபுகளின் காலத்திலோ வடநாட்டுக் கோலம் வந்து சேர்ந்தது. 1795இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா மசூதி, மரமும் இரும்புமின்றிக் கருங்கல்லால் ஆனதெனினும், மினாராக்களோடு நிமிர்ந்து நிற்கிறது. பின்னர் ஜனத்தொகை பெருகவும், அயல்நாட்டுச் சம்பாத்தியம் ஊருக்கு வரவும், பழைய கல்மண்டபங்கள் பலவற்றின் முன்னே சிமெண்டுக் குவிமாடங்கள் எழுந்தன. ஹவுல் என்னும் நீர்த்தொட்டியின் படியிலமர்ந்து, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுச் செய்தவர் சில இடங்களில் குழாயடிக்கு நகர்ந்தனர்.

இத்தனை மாற்றங்களுக்கும் பிறகு, பளிங்குத் தரையிட்ட புதுக்கட்டடத்துக்குக் கிளம்பும் அப்பெரியவர் வாசலில் நின்று வீட்டாரிடம், “பள்ளிக்குப் போய்விட்டு வருகிறேன்” என்கிறார்; திருமலைக் கல்லில் எழுத்துப் பொறித்தவனும் அச்சொல்லை அறிந்திருப்பான்.