குடிநீரில் உலோக மாசு: குரோமியச் சோதனையின் முறைவைப்பு

1. வரையறை

உடல்நலத்துக்குக் கேடு செய்யும் அளவில் நீரில் கலந்த உலோகத்தையே உலோக மாசு என இங்குக் கொள்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500:2012 நியமம் ஒரு லிட்டர் குடிநீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமும், ஈயம் 0.01 மில்லிகிராமும், காட்மியம் 0.003 மில்லிகிராமும் மிகலாகாது என்கிறது. இம்மூன்றுக்கும் தளர்வு இல்லை.

2. வகை

நீரில் குரோமியம் இரு நிலைகளில் நிற்கும். மூவிணைதிறன் குரோமியம் நடுநிலை நீரில் பெரிதும் கரையாது படியும், நச்சும் குறைவு. அறுவிணைதிறன் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரோடு நகரும், நச்சு மிக்கது. 1990களில் மூடப்பட்ட ராணிப்பேட்டை குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அப்பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்த இரண்டாம் வகையால்.

3. காரணம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் அத்தகைய ஆலைக் குவியல் இல்லை. எனினும் மாசு நுழையும் வழிகள் மூன்று. பாறையும் மண்ணும் முதலாவது. முலாம் பூசும் பட்டறை முதலிய சிறுதொழில்களின் கழிவுநீர் இரண்டாவது. குழாயும் இணைப்பும் மூன்றாவது. முதலிரண்டும் நீர்மூலத்தைத் தொடுவன; மூன்றாவது வீட்டு வாசல்வரை தொடர்வது.

4. இடம்

ஆகவே மாதிரி எடுக்கும் இடமும் மூன்றாகும். நாகர்கோவிலுக்கு நீர் தரும் முக்கடல் அணையோ ஊர்க் கிணறோ ஆகிய மூலம் ஒன்று. சுத்திகரித்துக் குளோரின் கலந்தபின் இரண்டு. குளோரின் மூவிணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதியை அறுவிணைதிறனாக மாற்ற வல்லதாதலின், மூலநீரின் சோதனை மட்டும் போதாது. கடைசித் தெருக்குழாய் மூன்று. அங்கு இரவெல்லாம் தேங்கிய முதல் நீரையும், சற்று ஓடவிட்டபின் வரும் நீரையும் தனித்தனியே பிடித்தால் குழாயின் பங்கு வெளிப்படும்.

5. படிநிலை

மொத்த உலோகத்துக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் காரகாடித் தன்மை எண்ணை 2க்குக் கீழ் இறக்குவர்; இல்லையேல் உலோகம் புட்டியின் சுவரில் படியும். அறுவிணைதிறனுக்கான மாதிரியில் இதைச் செய்யலாகாது, அமிலத்தில் அது மூவிணைதிறனாக ஒடுங்கக்கூடும். குளிரில் வைத்து விரைவில் சோதிக்க வேண்டும்.

முதலில் அணு உட்கவர் நிறமாலைமானியால் மொத்தக் குரோமியத்தை அளத்தல் தகும். அது எல்லைக்குள் இருப்பின், அதன் பகுதியான அறுவிணைதிறனும் அவ்வெல்லையைக் கடவாது. கடந்திருப்பின், டைஃபீனைல் கார்பசைடு கலந்து தோன்றும் செவ்வூதா நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து வகை பிரிக்கலாம். ஊராட்சிகளில் வழங்கும் கள ஆய்வுப் பெட்டி கடினத்தன்மை, ஃபுளோரைடு, இரும்பு போன்றவற்றுக்கானது. அதன் நல்ல முடிவைக் குரோமியத்துக்குச் சான்றாக்க இயலாது.

6. முடிபு

இரு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில் கோடையில் ஒரு முறையும் மழைக்குப்பின் ஒரு முறையும் மாதிரி எடுப்பது பொருந்தும். இடம், காலம், வகை ஆகிய மூன்றும் குறிக்கப்பெறாத அளவீட்டைக் கொண்டு ஒரு குழாய்நீரைத் தூயது என்றோ மாசுற்றது என்றோ துணிய முடியாது.