ஆயிரம் ஆண்டுத் திட்டமும் ஒரு பெண்ணின் பரிவும்

தன் ஆயுளுக்குள் அடங்காத காலத்தைக் கதையாக எழுத ஒருவர் முற்படும்போது அவர் முன் எழும் முதல் இடர், கதைத் தலைவன் இறந்தாக வேண்டும் என்பதே. நூறு ஆண்டுகளைத் தாண்டும் கதையில், தொடக்கத்தில் நாம் நேசித்தவர் எவரும் முடிவில் இருப்பதில்லை. அப்படியானால் தலைமுறைகளைப் பிணைத்து நிற்பது எது? விவிலியத்தின் அரசர் நூல்களைப் படிப்போருக்கு இதன் விடை தெரியும்: அரசர்கள் மறைவர், உடன்படிக்கை தொடரும். இறைவனுக்கு இடமளிக்காத விண்வெளிக் காவியத்தை எழுதுபவரோ அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். ஐசக் அசிமோவ் அங்கே கணிதத்தை வைத்தார். அவருடைய 'ஃபவுண்டேஷன்' கதை வரிசை உருவான வரலாறு, அக்கதையைப் போன்றே சிந்தனைக்கு உரியது.

1941 ஆகஸ்ட் முதல் நாள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றுகொண்டிருந்த 21 வயது இளைஞர், நியூயார்க் நகரின் சுரங்க ரயிலில் 'அஸ்டவுண்டிங்' இதழாசிரியர் ஜான் கேம்பலைக் காணச் சென்றுகொண்டிருந்தார். கதைக்கான கரு ஒன்றும் கையில் இல்லை. மடியில் இருந்த கில்பர்ட்–சல்லிவன் இசை நாடகத் தொகுப்பைக் கண்போன இடத்தில் திறந்தார். காவற்படை வீரன் முன் வனதேவதை அரசி மண்டியிடும் படம் கண்ணில் பட்டது. வீரனிலிருந்து படைகளுக்கும், படைகளிலிருந்து பேரரசுகளுக்கும், அங்கிருந்து உரோமைக்கும் எண்ணம் தாவியது. எட்வர்ட் கிப்பன் எழுதிய உரோமைப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை அவர் ஏற்கெனவே இருமுறை படித்திருந்தார். விண்மீன்களெங்கும் பரவிய ஒரு பேரரசின் வீழ்ச்சியை ஏன் எழுதக்கூடாது? சிறுகதையாக அவர் சொன்ன கருவைக் கேம்பல் ஒரு நெடுந்தொடராக விரித்தார்.

அந்நாளின் உலகச் சூழலையும் நாம் மறந்துவிடலாகாது. அசிமோவ் பிறந்தது உருசியாவின் ஸ்மோலென்ஸ்க் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், யூதக் குடும்பத்தில். மூன்று வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். அவர் ரயிலில் அமர்ந்து பேரரசுகளைப் பற்றி எண்ணிய அந்த நாளுக்குச் சற்று முன்னர், 1941 ஜூலையில், ஸ்மோலென்ஸ்க் நகரம் இட்லரின் படைகளிடம் வீழ்ந்திருந்தது. கொடுங்கோலன் இன்று வென்றாலும் வரலாற்றின் போக்கு அவனை வீழ்த்தியே தீரும் என்று நம்ப ஏங்கிய தலைமுறையின் குரல் இக்கதைகளில் கேட்கிறது எனக் கருதுவது மிகையாகாது.

கதையின் அடித்தளம் எளிது. பேரரசு சரியப் போகிறது. அதன்பின் 30,000 ஆண்டுகள் இருள் சூழும். ஹாரி செல்டன் என்னும் கணித அறிஞர் இதனை முன்னறிந்து, அந்த இருளை 1,000 ஆண்டுகளாகக் குறைக்க வழி வகுக்கிறார். பால்வீதியின் விளிம்பில் டெர்மினஸ் என்ற கோளில் அறிஞர் குழுவொன்றைக் குடியமர்த்துகிறார். அவருடைய கலைக்கு 'சைக்கோஹிஸ்டரி' என்று பெயர்; உளவரலாற்றியல் எனலாம். இதில் வேதியியல் மாணவரின் கைவண்ணம் தெரிகிறது. வாயுவின் ஒரு மூலக்கூறு எப்பக்கம் பாயும் என்று எவராலும் கூற இயலாது; கோடானுகோடி மூலக்கூறுகளின் போக்கையோ துல்லியமாகக் கணிக்கலாம். மனிதத் திரளும் அவ்வாறே என்பது செல்டனின் துணிபு. தனி மனிதன் அதில் கணக்கிலேயே இல்லை.

ஆயிரம் ஆண்டுத் திட்டத்தைப் பாடிய அசிமோவால் தம் கதைக்கு ஒரு திட்டம் வரைய இயலவில்லை என்பது சுவையான முரண். வருங்கால வரலாற்றின் சுருக்கத்தை முதலில் எழுதி வருமாறு கேம்பல் பணித்தார். எழுத எழுத அது நீண்டது, நீண்டதேயன்றிச் சிறக்கவில்லை. இறுதியில் கிழித்தெறிந்துவிட்டு, ஒவ்வொரு கதையாக எழுதத் தலைப்பட்டார். முதற்கதையைச் சிக்கலின் உச்சியில் நிறுத்தினார். அடுத்ததையும் கேம்பல் வாங்கியே ஆகவேண்டும் என்பதற்கான தந்திரம் அது. பிறகு அச்சிக்கலை அவிழ்க்கும் வழி அவருக்கே புலப்படவில்லை! புரூக்ளின் பாலத்தின்மேல் நண்பர் ஃபிரெடரிக் போல் கூறிய யோசனைதான் கைகொடுத்ததாம். முதலிரு கதைகளும் 1942இல் மே, ஜூன் இதழ்களில் வெளிவந்தன.

இரண்டாம் கதையில் சமயம் நுழைகிறது, அதுவும் ஆட்சிக் கருவியாக. டெர்மினஸின் தலைவர்கள் அணு ஆற்றலைப் புனிதச் சடங்காக்கி, அண்டை அரசுகளுக்குப் பூசாரிகளை அனுப்புகிறார்கள். போர்க்கப்பலின் பூசாரி சாபமிட்டவுடன் கப்பலின் விளக்குகள் அணைகின்றன. வீரர்கள் கலகம் செய்கிறார்கள். விறுவிறுப்பான காட்சிதான். ஆயினும் கிப்பனின் சாய்வு இங்கே மாணவரையும் தொற்றிக்கொண்டது என்றே நாம் சொல்வோம். உரோமை சரிந்தபின் தென்னித்தாலியின் விவாரியம் மடத்தில் ஏடுகளைப் படியெடுத்த துறவியர் எவரையும் ஏய்க்க அதைச் செய்யவில்லை. செல்டனின் அறிஞர்கள் தொகுத்த கலைக்களஞ்சியமோ, ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் வெறும் சாக்குப்போக்காக அவராலேயே அறிவிக்கப்படுகிறது. அறிவைக் காத்த எளியோரின் உழைப்பை இப்படி ஏமாளித்தனமாக்கியது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நான்கைந்து கதைகளுக்குப்பின் ஓர் அலுப்பு தட்டத் தொடங்கியது. திட்டம் ஒவ்வொரு முறையும் வென்றால் வாசகனுக்கு அச்சம் எங்கிருந்து வரும்? இதனை உணர்ந்த கேம்பல், 1945இல், திட்டத்தை உடைத்துவிடுமாறு பணித்தார். அசிமோவ் அதிர்ந்து மறுத்தார், பிறகு இணங்கினார். அவ்விணக்கத்தில் பிறந்ததே வரிசையின் மிகச் சிறந்த பகுதி என்பது நம் கணிப்பு.

'மியூல்' என்பவன் தோன்றுகிறான். பிறர் உள்ளத்து உணர்ச்சிகளைத் தன் விருப்பப்படி மாற்றவல்லவன். அப்பெயரின் பொருள் கோவேறு கழுதை. அவனுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. தலைமுறைகளின் கதையைக் குலைப்பவன் தலைமுறையற்றவன்! நெருக்கடி வேளைகளில் செல்டனின் உருவம் தோன்றி, முன்பே பதிவு செய்த சொற்களைப் பேசுவது வழக்கம். இம்முறையும் தோன்றுகிறது. நடந்திராத ஏதோ ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றி அமைதியாகப் பேசுகிறது. மண்டபத்தில் இருப்பவர்கள் திகைத்து நிற்க, மியூலின் கப்பல்கள் வந்து இறங்குகின்றன. கணக்கில் இல்லாத தனி மனிதன் கணக்கைக் கவிழ்த்துவிட்டான்.

அவனைத் தடுத்தது யார்? படையன்று, திட்டமுமன்று. பேய்ட்டா என்ற இளம்பெண். கோமாளி வேடத்தில் ஒளிந்திருந்த அவனை யாரென்றறியாமல் அவள் பரிவோடு நடத்தினாள். தான் திருத்தாமலேயே தன்மீது ஒருவர் அன்பு காட்டியது அவன் வாழ்வில் அதுவரை நிகழாதது. அதைக் கெடுக்க மனமின்றி அவள் உள்ளத்தை மட்டும் தொடாமல் விட்டான். அதனாலேயே அவள் தெளிந்த மதியுடன் உண்மையை உய்த்துணர்ந்தாள். மறைந்திருந்த 'இரண்டாம் ஃபவுண்டேஷன்' இருக்குமிடத்தை வெளியிட இருந்த அறிஞரை, தன் நண்பரேயாயினும், அவன் செவியில் அது விழுமுன் சுட்டு வீழ்த்தினாள். அச்செயலின் நியாயம் வேறு கேள்வி. அது எளிதில் தீராது.

பேய்ட்டாவின் பேத்தி ஆர்க்கடி, 1949–50இல் வெளிவந்த இறுதிக் கதையின் தலைவி. பதினான்கு வயதுச் சிறுமி, துணிச்சல்காரி. கடைசிப் பக்கத்தில் நமக்குத் தெரியவருவது என்ன? திட்டத்தைக் காப்பவர்கள் அவள் குழந்தையாய் இருந்தபோதே அவள் உள்ளத்தைத் தங்கள் தேவைக்கேற்ப அமைத்துவிட்டார்கள். பாட்டியிடம் கொடுங்கோலன் செய்யத் துணியாததைப் பேத்தியிடம் நல்லோர் செய்துவிட்டார்கள். திட்டம் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. நூலும் வெற்றிக் குரலில் முடிகிறது. ஆனால் நாம் அந்த வெற்றியில் பங்குகொள்ள இயலாமல் நின்றுவிடுகிறோம். அசிமோவ் இதைத் தெரிந்தே எழுதினாரா, கதைமுடிச்சின் கட்டாயத்தால் எழுதினாரா என்பது விவாதத்திற்குரியது. எப்படியாயினும், அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நூல்கள் படிக்கப்படுவதற்குச் செல்டனின் கணிதத்தைவிட இப்பாட்டியும் பேத்தியுமே காரணம் என்போம்.

அத்துடன் அவர் களைத்துப்போனார். ஒவ்வொரு புதுக் கதைக்கு முன்னும் பழையவற்றையெல்லாம் திரும்பப் படித்தாக வேண்டியிருந்தது. கதைகள் 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாயின. 1966இல் எக்காலத்திற்கும் சிறந்த தொடர் என்று ஹியூகோ விருது பெற்றன. பதிப்பகத்தார் வற்புறுத்த, 1982இல் நான்காம் நூலும் 1986இல் ஐந்தாம் நூலும் வந்தன. கதையின் காலம் ஏறத்தாழ 500ஆம் ஆண்டை எட்டியது. அதற்கு அப்பால் என்ன நிகழும் என்பது அவருக்குப் புலப்படவில்லை. எனவே பின்னோக்கித் திரும்பினார். 1988இல் வெளிவந்த நூல் செல்டனின் இளமையைக் கூறியது. கடைசி நூலில் செல்டன் முதியவர். அன்பு மனைவியையும் வளர்ப்பு மகனையும் இழந்தவர். பணிமேசையருகே தனிமையில் இறக்கிறார். எண்ணற்ற கோள்களின் வருங்காலத்தைக் கணித்தவரால் தம் வீட்டின் ஓர் இழப்பையும் தடுக்க இயலவில்லை.

அசிமோவ் 1992 ஏப்ரல் 6இல் காலமானார். அந்நூல் அடுத்த ஆண்டில் வெளிவந்தது. 1997க்கும் 1999க்கும் இடையே வேறு மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நூல் எழுதித் தொடரை நீட்டினார்கள். அவர்களும் செல்டனின் வாழ்நாளுக்கே திரும்பினார்கள். திட்டத்தின் பிற்பாதி ஐந்நூறு ஆண்டுகள் இன்னும் எழுதப்படாமலே இருக்கின்றன.