விழாமல் நிற்பதும் ஒரு பாடம்தான்



என் பெரியண்ணனை உங்களில் பலருக்குத் தெரியும். பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவர். அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் ஆடி மாதம் சமையலறையில் திரும்பும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் செய்த தவறைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். தண்ணீர் கைக்கு வரும், தட்டு மடிக்கு வரும். "எழுந்திரிக்காதீங்க" என்பதுதான் அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட சொல். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். எட்டு மாதத்தில் அவரைத் தூக்கி நிறுத்தவே இரண்டு பேர் தேவைப்பட்டது. பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னாள்: "விழுந்துடுவாருன்னு உட்கார வச்சிருக்கீங்க. உட்கார்ந்தே இருந்தா இன்னும் சீக்கிரம் விழுவாரும்மா."

நான் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியை. ஆனால் ஒன்று புரியவில்லை என்றால் அது எங்கே தொடங்கியது என்று தேடிப் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. படித்ததைச் சொல்கிறேன்.

லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இருந்தார். பிறந்தது 1755 ஏப்ரல் 11. அந்த நாளைத்தான் இன்று உலகப் பார்க்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1817-இல், தம் 62-ஆவது வயதில், நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இருப்பது ஆறே ஆறு நோயாளிகள். சிலரைத் தெருவில் தற்செயலாகப் பார்த்துப் பேசி எழுதியிருக்கிறார். ஒருவரைத் தூரத்தில் இருந்து பார்த்தது மட்டும்தான்.

அந்தத் தூரத்து மனிதரைப் பற்றிய குறிப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. அவரால் நடக்க முடியாது. நகர்ந்தால் ஓட்டம்தான். உதவியாள் எதிரே நின்று அவருடைய இரண்டு தோளிலும் கை வைத்துக்கொள்வான். அவர் முன்னும் பின்னுமாக மெல்ல அசைந்து தம்மைச் சமன் செய்துகொள்வார். அதன்பின் புறப்படச் சொல்லி ஒரு சொல். உடனே அவர் ஓடத் தொடங்குவார். உதவியாள் விலகி முன்னால் ஓடிப்போய், இருபது அடி வைத்ததும் அவர் விழாமல் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பான்.

கவனியுங்கள். பார்க்கின்சன் சொன்ன வைத்தியம் கழுத்தில் இரத்தம் எடுப்பது. அது இன்று வழக்கத்தில் இல்லை. பெயர் தெரியாத அந்த வேலைக்காரனும் அவன் எஜமானரும் கண்டுபிடித்த முறையோ, முதலில் எடையை மாற்று, பிறகு ஒரு சொல், பிறகு அடி. ஏறக்குறைய இதைத்தான் இன்றும் பிசியோதெரபியில் சொல்லித் தருகிறார்கள்!

அடுத்த பெரிய பெயர், பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஷார்கோ. எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருப்பதில்லை, ஆகவே "நடுக்குவாதம்" என்பது பொருந்தாது, பார்க்கின்சன் பெயரையே வைக்கலாம் என்றவர் அவர்தான். நீண்ட ரயில் பயணம் போய்வந்த நோயாளிகள் உடம்பு லேசாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, அதேபோல் குலுங்கும் ஒரு நாற்காலி செய்தார். 1892-இல் அதைப் பற்றிய கட்டுரையும் வந்தது. அவ்வளவு பெரிய மேதையும் நோயாளியை உட்கார வைத்துத்தான் பார்த்திருக்கிறார் என்று படித்தபோது, எங்கள் தவறு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இனி 1967. நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வருடம். அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று, மருந்து. மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதுதான் கோளாறு என்பதை ஸ்வீடனில் கார்ல்சன், வியன்னாவில் ஹோர்னிகீவிச் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருந்தன. 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், டோபா மருந்தை அதிக அளவில் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்களை நடமாட வைத்தார். அண்ணன் இன்று விழுங்கும் மாத்திரை அதன் வழி வந்ததுதான்.

இரண்டு, அளவுகோல். நியூயார்க்கில் ஹோன், யார் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். மூன்றாம் நிலைக்கு அடையாளம் என்ன தெரியுமா? நடுக்கம் அல்ல, உடல் சமநிலை தவறுவது. மாத்திரை விறைப்பையும் மெதுவான அசைவையும் நன்றாகவே குறைக்கும், ஆனால் தடுமாற்றத்துக்கு அந்த அளவு கைகொடுக்காது. எங்களுக்கு முதலில் புரியாமல் போனது இதுதான். "மாத்திரைதான் போடுறாரே, ஏன் விழறார்?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்று, தரையில் கோடு. லண்டனில் பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு இதே மாதிரி நோய் கண்டவர்களைப் பல வருடம் கவனித்து அந்த வருடம் ஒரு நூல் வெளியிட்டார். வெறும் தரையில் காலை எடுத்து வைக்கத் திணறுகிறவர்கள், குறுக்கே கோடுகள் போட்டால் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்ததை அதில் காட்டினார். நாமெல்லாம் யோசிக்காமல் நடக்கிறோம். இந்த நோயில் அந்த யோசிக்காத வழிதான் பழுதாகிறது. கண்ணால் பார்த்து, மனதால் எண்ணி நடக்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

அதன் பிறகும் "ஜாக்கிரதையாக உட்காருங்கள்" என்பது மாற வெகு காலம் ஆனது. 2001-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு இந்த நோயாளிகளுக்கு நடன வகுப்பு தொடங்கியது. 2006-இல் இண்டியானாபொலிஸில் குத்துச்சண்டைப் பயிற்சி. எதிராளி கிடையாது, பையைக் குத்துவதுதான். 2012-இல் அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்குச் சீனத்துத் தாய்ச்சி, ஒரு பிரிவுக்குத் தசை வலுவூட்டும் பயிற்சி, ஒரு பிரிவுக்குக் கை கால் நீட்டி மடக்குவது மட்டும். வாரம் இரண்டு முறை, 24 வாரம். சமநிலையில் முன்னால் நின்றது தாய்ச்சிப் பிரிவு. நீட்டி மடக்கியவர்களை விட இவர்கள் விழுந்ததும் குறைவு. எடையை ஒரு காலில் இருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றுவதுதானே அந்தப் பயிற்சி! எனக்கு 1817-இல் அசைந்து நின்ற அந்த மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

இப்போது அண்ணன் வீட்டுச் செய்தி. சமையல் மேடை முன்னால், பின்னால் ஒரு நாற்காலி போட்டு, மகன் பக்கத்தில் நிற்க, எடை மாற்றி நிற்பது, நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது, பெரிய அடி வைப்பது. திரும்பும்போது சட்டென்று சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்புவது. எல்லாம் மாத்திரை வேலை செய்கிற நேரத்தில், அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி. கூடத்துத் தரையில் கோடு போட்டது நான்தான். கரும்பலகையில் எழுதிய கைக்கு மறுபடி ஒரு வேலை!

கால் தரையில் ஒட்டிக்கொண்டால் நாங்கள் இப்போது கையைப் பிடித்து இழுப்பதில்லை. அவரே நின்று, அசைந்து, "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்துக்கொண்டு புறப்படுகிறார். முதல் நாள் அதைக் கேட்டு அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

நோய் போய்விடவில்லை. தை மாதம் மறுபடி ஒரு முறை விழுந்தார், அடி இல்லை. ஆனால் நாற்காலியில் இருந்து இப்போது தாமே எழுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டரிடம் மாத்திரையோடு பயிற்சியையும் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் பார்க்காமல் செல்போனைப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். தனியாகச் செய்யவும் விடாதீர்கள். பக்கத்தில் நிற்பதுதான் நம் வேலை.

வகுப்பில் உங்களை "உட்காரு, உட்காரு" என்று அதட்டியவள்தான் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைத் திருப்பிச் சொல்கிறேன். அவர்களை எழுந்து நிற்க விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்