பின்னணிச் சேவைகளும் கட்டாய அணுகற் கட்டுப்பாடும்

யுனிக்ஸ் மரபிலே கோப்பொன்றை யார் அணுகலாமென அதன் உரிமையாளனே முடிவுசெய்வான். 'றூட்' எனும் தலைமைப் பயனருக்கோ தடையேதுமில்லை. ஆதலால், றூட்டின் அதிகாரத்தோடு பின்னணியில் இயங்கும் சேவையொன்று பகைவர் கைப்படின் கணினி முழுவதுமே பறிபோகும். உரிமையாளனுக்கும் மேலாகக் கொள்கையே ஆளவேண்டுமென்ற கருத்துக்கு 1973 இல் பெல், லபடுலா ஆகிய இருவரும் ஐக்கிய அமெரிக்க விமானப்படைக்காகக் கணித வடிவம் அளித்தனர். எனினும் இராணுவ இரகசியப் படிநிலைகள் இணையச் சேவைக்கு அத்துணை பொருந்துவனவல்ல. 1985 இல் போபேட், கெயின் முன்வைத்த வகைமுறையே ஈண்டு கைகொடுத்தது. சேவைக்கு ஒரு வகை, அது தொடத்தக்க கோப்புகளுக்கு வேறொரு வகை. வெளிப்படையாக அனுமதிக்கப்படாத யாவும் மறுக்கப்படும். அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் இவ்வழி வந்ததே. 2003 இல் அது லினக்ஸ் கருவின் 2.6 ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

கணினி முழுவதையும் கடுங்கொள்கையால் அடக்க முயன்ற பெடோறா கோர் 2, அதனால் விளைந்த இடர்களை நோக்கி, 2004 இல் அதனை அணைத்த நிலையிலேயே வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த மூன்றாம் பதிப்போ இணைய, பெயர்ச் சேவைகள் போன்ற சிலவற்றை மட்டும் கட்டுப்படுத்தியது. இது பின்வாங்கலெனத் தோன்றினும், நடைமுறையறிந்த முடிவென்றே கொள்ளல் தகும்.

புதிய சேவைக்கு விதி வகுப்போர், தடுக்காது பதிவுமட்டும் செய்யும் நிலையில் முதலில் அதனை இயக்கி, பதிவான மறுப்புகளை ஆராய்வர். அம்மறுப்புகளை அப்படியே அனுமதிகளாக மாற்றித்தரும் கருவியும் உண்டு. ஆராயாது அதனைக் கையாள்வோரின் கொள்கையில், சேவைக்குச் சற்றும் வேண்டாத கடவுச்சொற் கோப்பும் திறந்து கிடக்கக்கூடும்.