கூலி வேண்டா எழுத்தர்கள்

பனையோலை ஏடு பழுதுபடுமுன் அதைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதி வைப்பது நம் முன்னோர் வழக்கம். எழுதிய கைகளுக்கு உரியவர் யாவர் என்பதைப் பெரும்பாலும் நாம் அறியோம். நூல் மட்டும் நம்மை வந்தடைந்தது. அச்சுக்கலை பரவியபின், உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842 ஆம் ஆண்டில் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். நூல் காக்கும் அத்தொண்டு கணிப்பொறிக் காலத்திலும் அற்றுப்போகவில்லை.

1971 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற மைக்கேல் ஹார்ட் என்பார், தம் நாட்டு விடுதலைப் பிரகடனத்தைத் தாமே கணிப்பொறியில் தட்டச்சு செய்து பிறர்க்கு வழங்கினார். கூட்டன்பர்க் திட்டம் அவ்வாறு பிறந்தது.

தமிழுக்கு அத்தகைய பணி 1998 ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கிற்று. மதுரைத் திட்டம் என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். அரசு மானியமும் இல்லை; வணிக நோக்கமும் இல்லை. பல நாடுகளில் வாழ்ந்த தமிழன்பர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, இணையத்தின் வழியாகக் கைகோத்தனர். ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். உழைத்தோர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெற்றது. அவர்கள் பெற்ற ஊதியம் அதுவே.

இடர்கள் இல்லாமலில்லை. ஓர் எழுத்துருவில் அடித்த தமிழ் மற்றொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்த காலம் அது. ஆர்வலர்கள் கூடிக் கலந்து ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். பின்னர் யூனிகோடு வந்தபோது நூல்களை அதற்கேற்ப மாற்றும் உழைப்பையும் மேற்கொண்டனர்.

இப்பணி நிலைத்ததற்குக் காரணம் யாது? பெருஞ்சுமை சிறுசிறு பங்குகளாயிற்று. ஒருவர் ஓய்வு நேரத்தில் பத்துப் பக்கம் அடித்தாலும் அது வீண்போகவில்லை. மேலும், பொருளைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் குறையும். இங்கே ஒருமுறை அளித்த நூல் எத்தனை பேர் எடுத்தாலும் குறைவதில்லை.

திருக்குறளோடு சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் ஞானப்பாடல், மாலை, கிஸ்ஸா, மசலா எனத் தமிழ் முஸ்லிம் புலவர்கள் விட்டுச்சென்ற செல்வம் பெரிது. பழைய பெட்டிகளில் கிடக்கும் நூல்களுக்குச் செல்லும் கறையானும் காத்திருப்பதில்லை. பிறர் செய்த தொண்டைப் போற்றும் நாம், ஒரு நூலையேனும் எடுத்து அடித்து வழங்குவோமாயின், பேர் அறியா அந்த எழுத்தர்களின் வரிசையில் நாமும் இடம்பெறுவோம்.