கண்கட்டு வித்தையா? பிரிட்ஜெட் ரைலியின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள்

1965ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் 'எதிர்வினையாற்றும் கண்' எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் ஓவியக் கண்காட்சி திறக்கப்பட்டது. வில்லியம் சைட்ஸ் ஒழுங்குசெய்த அக்கண்காட்சியே, முந்திய ஆண்டில் டைம் இதழில் இடம்பெற்ற 'ஆப் ஆர்ட்' என்னும் பெயரைப் பொதுமக்களிடையே நிலைபெறச் செய்தது எனலாம். மக்கள் திரண்டு வந்தனர். திறனாய்வாளர் பலரோ இதனை வெறும் கண்கட்டு வித்தை என ஒதுக்கினர். இத்தீர்ப்பு மறு ஆய்வுக்குரியது என்பதே நம் கருத்து.

இவ்வகை ஓவியத்துக்கு முன்னோடி ஹங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்த விக்டர் வசாரலி. எனினும், கண்காட்சி நூலின் அட்டையில் இடம்பெற்றது இலண்டனில் 1931இல் பிறந்த பிரிட்ஜெட் ரைலியின் ஓவியமாகும்.

ரைலியின் 'சதுரங்களில் அசைவு' (1961) என்னும் ஓவியத்தை நோக்குவோம். சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அமைந்த கட்டங்கள். அவற்றின் உயரம் எங்கும் மாறுவதில்லை. அகலம் மட்டும் படிப்படியாகக் குறைந்து, நடுப்பகுதிக்குச் சற்று வலப்புறத்தில் மெல்லிய கீற்றாகிப் பின் மீண்டும் விரிகிறது. அவ்வளவே. ஆயினும், தட்டையான பரப்பு உட்புறமாக மடிந்து விழுவதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு கட்டம் மட்டும் முறை தவறி அகன்றிருந்தால் நம் கண் அங்கேயே நின்று குறை காணத் தொடங்கும்; அசைவு அற்றுப்போகும். ஆகவே, வடிவத் துல்லியமும் கண்மயக்கும் இங்கு முரண்பட்டவை அல்ல. முன்னது காரணம், பின்னது காரியம். ஒரு புள்ளியை உற்று நோக்கும்போதும் நம் கண் நுண்ணிய அளவில் அசைந்துகொண்டேயிருக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கூரிய விளிம்புகள் அவ்வசைவை நாமே உணரும்படி செய்துவிடுகின்றன. கண்கட்டு வித்தையில் கண் கட்டப்படுகிறது. இங்கோ கண் தன் தொழிலைத் தானே காண்கிறது.

இத்துல்லியம் கணிதப் புலமையால் வந்ததென்று கருதுவோரும் உளர். அது பொருந்தாது. தாம் ஒளியியலைக் கற்றதில்லை என்றும், சமமாக்கல், பாதியாக்கல், கால்பகுதியாக்கல் போன்ற எளிய கணக்குகளையே கையாள்வதாகவும் ரைலி 1965இல் ஆர்ட் நியூஸ் இதழில் எழுதினார். 1959இல் அவர் பிரெஞ்சு ஓவியர் சோராவின் 'கூர்பவுவா பாலம்' என்னும் படைப்பைப் பார்த்து வரைந்து பயின்றதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். புள்ளிகளை அடுத்தடுத்து வைத்து, அவற்றைக் கலந்து காணும் பணியைப் பார்வையாளர் கண்ணிடமே ஒப்படைத்தவர் சோரா. ரைலியின் வேர் அங்குள்ளதேயன்றி வித்தைக்காரரின் மேடையில் இல்லை.

நியூயார்க்கில் அவருக்கு நேர்ந்ததோ வேறு. அவருடைய ஓவியமொன்றை விலைக்கு வாங்கியிருந்த ஆடைத் தயாரிப்பாளர் ஒருவர் அதனைத் துணியில் அச்சிட்டார். கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் அத்தகைய ஆடைகள் தொங்கின. ரைலி சட்டத்தின் துணையை நாடினார். அந்நாளைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. படைப்பாளியின் உரிமை பறிபோனது ஒருபுறமிருக்க, அசையும் பரப்பை வெறும் கோலமாகக் காணும் பழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது. உடலில் உடுத்திய துணி மடியும், சுருங்கும். கட்டங்களின் அளவு அங்கே பொருளற்றதாகிறது.

1967 முதல் ரைலி வண்ணத்துக்குத் திரும்பினார். மறு ஆண்டே வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் ஓவியத்துக்கான பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.